விருத்தம் கேட்டவர்கள்

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று வசுமதி கச்சேரி. மத்தியானத்தோடு கண்ணாடிக் கடையை மூடிவிட்டோம். “ஞாயித்துக்கிழமைதான் நாலு பேரு வருவாங்க” என்று இவர் முனகினார். நான் காதிலேயே வாங்கவில்லை. வசுமதி அரங்கன் திருச்சியில் பாடுவதே வருஷத்துக்கு இரண்டு தடவை. அதை விட்டுவிட்டு லென்ஸ் துடைத்துக்கொண்டு உட்கார எனக்கென்ன தலையெழுத்தா?

வழக்கம்போல பனங்கற்கண்டு போட்ட பாலை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். வசுமதிக்குத் தம்பூரா போடும் அவர் தங்கை தாரிணி வாங்கிக்கொண்டாள். வசுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. “கச்சேரி முடியற வரைக்கும் பேசறதில்லன்னு வச்சிருக்காங்க உமையாக்கா. புதுப் பழக்கம்” என்றாள் தாரிணி. என்ன ஒரு கட்டுப்பாடு! மற்ற வித்வான்கள் பக்கோடா தின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவார்கள்.

கச்சேரி அமிர்தம். ஒரே ஒரு குறை, மலைக்கோட்டை விருத்தம் பாடவில்லை. தாளம் கிடையாது, மிருதங்கம் சும்மா இருக்கும், வெறும் குரல்தான். கடைசி அடியில் ஒவ்வொரு படியாக ஏறி மேல் பஞ்சமத்துக்குப் போய் அப்படியே நிற்பார். எங்கள் ரசிகர் குழுவில் அந்த இடத்துக்கு ‘உச்சிப்பிள்ளையார்’ என்று பேர். இன்றைக்கு உச்சிப்பிள்ளையார் தரிசனம் இல்லை.

வெளியே வரும்போது எங்கள் குழு ராகவாச்சாரி சார், “சுருதியை அரைக்கட்டை இறக்கிண்டுட்டா, கவனிச்சேளா?” என்றார். ரயில்வேயில் ரிடையர் ஆனதிலிருந்து அவருக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். மைக் செட் கோளாறு சார் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

டிசம்பர் 18, வியாழன்

வயிறு எரிகிறது. வாரப் பத்திரிகையில் மணிவாசகம் என்கிற அந்த மகானுபாவர் எழுதியிருப்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது நான் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்லக்கூடாது.

“வசுமதியின் கச்சேரியில் குறை எதுவும் இல்லை. குறை இல்லை என்பதற்கு மேல் என்ன சொல்வது என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தேன். கீழ் ஸ்தாயியிலேயே உலவினார். அதுவும் அழகாகத்தான் இருந்தது. இதுதான் இனி அவருடைய பாதை என்றால், கேட்டுப் பழக நாம்தான் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.”

அவ்வளவுதான். ஒரு பக்கம் முழுக்க யாரோ ஒரு புல்லாங்குழல் பையனைப் பற்றி எழுதிவிட்டு, எங்கள் வசுமதி அம்மாவுக்கு ஒரு பத்தி. திட்டியிருந்தால்கூட எதிர்த்துத் திட்டலாம். இது என்ன, உப்புமா சாப்பிட்டுவிட்டு ‘பரவாயில்லை’ என்று கை கழுவுகிற மாதிரி! பொறுமையாம். அந்த ஆள் யார் நமக்குப் பொறுமை சொல்லித்தர?

இதைப் படித்த கையோடு ஒருவருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் படியில் தடுக்கிவிட்டுத் திரும்பி வந்தார். இவர் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார்.

டிசம்பர் 19, வெள்ளி

வாட்ஸப் குழு கொந்தளிக்கிறது. லாரன்ஸ் தம்பி (பாலக்கரையில் லாரி உதிரிபாகக் கடை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயர் பாடுகிறவன், வசுமதி என்றால் உயிர்) காலையிலிருந்து கடையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பத்திரிகையின் இணையப் பக்கத்தில் போய் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுதித் தள்ளுகிறார்கள். மணிவாசகம் எழுதிய புத்தகத்துக்கு ஆளாளுக்கு ஒற்றை நட்சத்திரம். யாரும் அதைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை, போட்டுவிட்டேன். கோவை ரசிகர் ஒருவர், இந்த ஆள் சின்ன வயதில் பாடிப் பார்த்து மேடையிலிருந்து இறக்கிவிடப்பட்டவர் என்று துப்பு கொடுத்தார். உண்மையோ பொய்யோ, கேட்கச் சுகமாக இருந்தது.

ராகவாச்சாரி சார் மட்டும், “அவர் எழுதினதுல தப்பா எதுவும் இல்லையே” என்று போட்டார். நாலு பேர் பாய்ந்தார்கள். சார் வாயை மூடிக்கொண்டார்.

மாவு அரைக்க மறந்துவிட்டேன். இரவு பிரெட்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆசிரியருக்குக் கடிதம். முதலில் எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன். “போலீஸ் கம்ப்ளெயின்ட் மாதிரி இருக்கு” என்றார். கிழித்தேன். இரண்டாவது கொஞ்சம் அழுகையாக வந்தது. மூன்றாவதை அனுப்பினேன்.

“எதுக்கு உமையா இவ்வளவு ஆத்திரம்? அவருக்குப் பிடிக்கல, சொல்லிட்டாரு” என்கிறார் இவர். இவருக்குத் தெரியாதா? என் கூடப்பிறந்த தம்பி பைக் விபத்தில் போன அந்த வருஷம் நான் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இவர்தான் என்ன செய்வது என்று தெரியாமல், செல்போனில் எதையோ போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அது மலைக்கோட்டை விருத்தம். அந்தக் குரல் உச்சிக்குப் போய், இறங்காமல் நின்றது. நான் அப்போதுதான் அழுதேன். அழுது முடித்து, எழுந்து போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அந்தக் குரலை ஒருத்தர் ‘குறை இல்லை’ என்று எழுதினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

டிசம்பர் 25, வியாழன்

என் கடிதத்தை வெளியிட்டிருக்கிறார்கள். மூன்று பக்கத்தை இரண்டு வரி ஆக்கி! ‘வாசகர் உமையாள், திருச்சி, மாறுபடுகிறார்.’ மாறுபடுகிறாராம்.

லாரன்ஸ் கேக் கொண்டுவந்தான். கேக்கைத் தின்றுகொண்டே இருவரும் மணிவாசகத்தைத் திட்டினோம். பண்டிகை நல்லபடியாகக் கழிந்தது.

டிசம்பர் 27, சனி

நம்பவே முடியாது. அந்த ஆள் கடைக்கே வந்தார்!

கட்டம்போட்ட சட்டை, துணிப்பை, அறுபதைத் தாண்டிய வயது. கண்ணாடிக் காம்பு கழன்றுவிட்டது என்று கொடுத்தார். பேர் கேட்டேன். மணிவாசகம் என்றார். எந்த மணிவாசகம் என்றேன். “ஒரு மணிவாசகம்தான்மா, ஏன், கண்ணாடி சரிப்படாதா?”

“கண்ணாடி சரியாயிடும் சார். காதுக்குத்தான் நாங்க வைத்தியம் பாக்கறதில்ல.”

இவர் உள்ளேயிருந்து இருமினார். எனக்கென்ன, பிடித்தேன் ஒரு பிடி. அவர் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம், “நீங்க அன்னிக்கு எங்க உக்காந்திருந்தீங்க?” என்றார்.

“முதல் வரிசை.”

“அப்ப உங்களுக்கும் கேட்டிருக்குமே.”

“என்ன கேட்டிருக்கும்?”

கண்ணாடி இல்லாத கண்ணால் என் முகத்தையே பார்த்தார். “ஒண்ணுமில்லம்மா. நாலாம் தேதி கச்சேரிக்கு வருவீங்கல்ல? அவங்க பாடறதைப் பாடட்டும்னு விட்டுடுங்க. எதைப் பாடணும்னு அவங்களுக்குத் தெரியும்.”

எங்கள் அம்மா எதைப் பாட வேண்டும் என்பதற்கு இந்த ஆள் அனுமதி கொடுக்கிறார்! திருகாணியைக் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிவிட்டேன்.

டிசம்பர் 29, திங்கள்

தூங்கி எழுந்ததும் யோசனை வந்துவிட்டது. எங்கள் குழுவில் வேறு யாருக்கும் வராது.

கச்சேரிக்கு நடுவில் ரசிகர்கள் துண்டுச் சீட்டில் பாட்டின் பேரை எழுதி மேடைக்கு அனுப்புவது எல்லா ஊரிலும் இருக்கிற வழக்கம்தானே. சீட்டு கைக்குக் கை மாறிப் போய்த் தம்பூரா போடுகிறவள் கையில் சேரும், அவள் பாடகர் முன்னால் வைப்பாள். நாலாம் தேதி நாங்கள் எல்லாரும் ஒரே சீட்டை அனுப்பப்போகிறோம். மலைக்கோட்டை விருத்தம். மணிவாசகம் எப்போதும் முன்வரிசையில்தான் இருப்பார். அவர் காதுக்கு நேரே எங்கள் அம்மா உச்சிப்பிள்ளையாருக்கு ஏறட்டும். பிறகு எழுதட்டும், கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி என்று!

குழுவில் போட்டதும் கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. “அக்கா, நீங்கதான் தளபதி” என்றான் லாரன்ஸ். நான் இத்தனை வருஷத்தில் ஒரு சீட்டுகூட அனுப்பியதில்லை. அவராகப் பாடுவதைக் கேட்பதுதான் மரியாதை என்று இருந்தேன். இந்தத் தடவை முதல் சீட்டு என்னுடையது.

டிசம்பர் 30, செவ்வாய்

ராகவாச்சாரி சார் கடைக்கு வந்துவிட்டார், நேரில். “சீட்டு அனுப்பறது ஆசைக்கும்மா. இது சண்டைக்குன்னா அனுப்பறேள்? மூணு கச்சேரியா அவா அந்த விருத்தத்தைத் தொடவே இல்லை. ஏன்னு யோசிச்சேளா?”

“பாடலைன்னா யாரும் கேக்கலைன்னு அர்த்தம் சார்.”

“சுருதி வேற இறங்கியிருக்கு.”

“சார், நீங்க அந்த மணிவாசகம் கட்சியா, எங்க கட்சியா?”

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. பெரியவர்கள் என்றால் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள்.

ஜனவரி 1, வியாழன்

லென்ஸ் கம்பெனிக்காரன் கொடுத்த புது டைரி. தாள் வழவழவென்று இருக்கிறது, மை இழுகுகிறது.

வசுமதிக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல போன் செய்தேன். தாரிணிதான் எடுத்தாள். அக்கா ஓய்வில் இருப்பதாகச் சொன்னாள். விமர்சனம் பார்த்தீர்களா, மனசு கஷ்டப்பட்டதா என்று கேட்டேன். “இல்லக்கா, அவர் நல்லபடியாத்தானே எழுதியிருக்காரு” என்றாள். பாவம், பெருந்தன்மையான குடும்பம்.

ஜனவரி 4, ஞாயிறு

கச்சேரி முடிந்து வந்தோம். விருத்தம் பாடினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கை சிவந்துபோய்விட்டது. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 5, திங்கள்

கடை. பிரேம் ஸ்டாக் வந்தது, அடுக்கினேன். குழுவில் ஒரே கொண்டாட்டம். ராகவாச்சாரி சார் குழுவை விட்டு வெளியேறிவிட்டார், காரணம் எழுதவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் இட்லி சாப்பிடும்போது இவர் கேட்டார். இவருக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது, எனக்குத் துணையாக வந்து உட்காருகிறவர். “உமையா, அன்னிக்கு ஏன் நடுவுலயே எல்லாரும் எந்திரிச்சுக் கைதட்டுனீங்க? அந்தம்மா பாட்டை முடிக்கவே இல்லையே?”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். சரி, எழுதிவிடுகிறேன். இங்கேயும் பொய் எழுதினால் எதற்கு இந்த டைரி?

கச்சேரி முழுக்க அவர் கீழேயேதான் பாடினார். நன்றாகத்தான் இருந்தது, மனசு நிறைந்து இருந்தது. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் எங்கள் சீட்டுகள் போக ஆரம்பித்தன. அரங்கத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டன. தாரிணி வாங்கி வாங்கிப் படித்தாள், அவள் முகம் வெளுத்தது. அதையும் பார்த்தேன். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேனா? தெரியவில்லை. வசுமதி சீட்டுகளைப் பார்த்தார், சுருதிப் பெட்டிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார். பிறகு ஒன்றை மட்டும் திரும்ப எடுத்தார். தாரிணியிடம் குனிந்து ஏதோ சொன்னார். நேராக என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “எல்லாரும் கேக்கறீங்க. பாடாம எப்படிப் போறது?” என்று மைக்கில் சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த மணிவாசகத்தைத் திரும்பிப் பார்த்தேன், ஜெயித்துவிட்ட திமிரோடு.

முதல் மூன்று அடி தேன். நாலாவது அடியில் ஏறினார். ஒரு படி, இன்னொரு படி. கழுத்து நரம்பு புடைத்தது. நான் அந்த இடத்தில் ஒருபோதும் நரம்பைப் பார்த்ததில்லை. மேல் ஷட்ஜம் தாண்டியது. பஞ்சமத்தில் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பிசிறுகூட இல்லை, காற்றுதான் வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது, கண் நிறைந்துவிட்டது. வயலின்காரர் சட்டென்று அந்த ஸ்வரத்தைப் பிடித்து இழுத்தார். பாடகர் இடம் விட்டு வயலின் வாசிப்பது போலப் பலருக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததும் நான் செய்த காரியம், எழுந்து நின்று கைதட்டியது. முதலில் தட்டியது நான்தான். லாரன்ஸ் எழுந்தான், எல்லாரும் எழுந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் வசுமதி தொண்டையைப் பிடித்துக்கொண்டு மங்களம் வாசித்து முடிக்கச் சைகை காட்டினார்.

கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர். மணிவாசகம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

குழுவில் இன்றைக்கும், “அம்மா பஞ்சமத்தை வயலினுக்கு விட்டுக்கொடுத்தாங்க பாருங்க, அதுதான் ஸ்டைல்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நாற்பது பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். சபாவில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் யாரிடமும் பதிவு இல்லை. நல்லவேளை.

ஜனவரி 7, புதன்

போன் செய்யத் தைரியம் வரவில்லை. தாரிணியே கூப்பிட்டாள். “அக்கா உங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னாங்க. நீங்க கவலைப்பட்டுக்கிட்டு இருப்பீங்களாம்” என்று ஆரம்பித்தாள்.

தொண்டையில் ஆறு மாதமாகக் கட்டி. மேலே போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கீழேயே பாடிச் சமாளித்து இந்த மார்கழியைத் தாண்டிவிட்டால், தையில் ஆபரேஷன், சித்திரைக்குள் பழைய குரல் என்று கணக்கு. ஞாயிற்றுக்கிழமை உள்ளே ரத்தம் கசிந்துவிட்டது. இப்போது பேச்சே கூடாது. “பாட்டு?” என்று கேட்டேன். “அதை இப்பக் கேக்காதீங்கன்னு சொல்லிட்டாங்கக்கா டாக்டர்.”

“முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே தாரிணி. ஏன் பாடுனாங்க?”

“எல்லாச் சீட்டையும் ஒதுக்கித்தான் வச்சாங்க. உங்க கையெழுத்து அவங்களுக்குத் தெரியுமேக்கா, வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு எழுதுவீங்களே. ‘உமையா இத்தனை வருஷத்துல ஒண்ணுமே கேட்டதில்லடி, இதைக்கூடப் பாடலைன்னா எப்படி’ன்னாங்க.”

நான் கடையிலேயே, வாடிக்கையாளர் முன்னாலேயே அழுதேன். தாரிணி என்னைத் தேற்றினாள். அவள் என்னைத் தேற்றுகிறாள்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? கடைசியில் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். “வெளிய தெரிய வேண்டாங்க்கா. குரல் போச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா எந்த சபாவும் அடுத்த வருஷம் கூப்பிடாது. குணமாகி வந்தாலும் கூப்பிடாது.”

சத்தியம் செய்து கொடுத்தேன். பிறகு டிசம்பர் பத்திரிகையைத் தேடி எடுத்து அந்த ஒரு பத்தியை மறுபடி படித்தேன். ‘இதுதான் இனி அவருடைய பாதை என்றால், கேட்டுப் பழக நாம்தான் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும்.’ அந்த மனுஷர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததை எழுதவில்லை. எங்களிடம் பொறுமையைத்தான் கேட்டார். நான் அவருக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

விடிந்ததும் கடைத்தெருவுக்கு ஓடிப் பத்திரிகை வாங்கினேன். நாலாம் தேதியைப் பற்றி மணிவாசகம் என்ன எழுதியிருப்பாரோ என்று பயந்துகொண்டே பக்கத்தைத் தேடினேன். அவர் உண்மையை எழுதினால் வசுமதி அதோடு முடிந்தார். உள்ளபடி எழுதுவதுதானே அவர் தொழில். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்.

இவ்வளவுதான் இருந்தது: “வசுமதி கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரை இருந்தேன். கேட்டவரை நிறைவு. சொந்த வேலை காரணமாக விருத்தத்துக்கு முன்பே கிளம்ப வேண்டியதாயிற்று. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.”

நடுத்தெருவில் நின்று படித்தேன். பால்காரர் மணி அடித்து விலகச் சொன்னார்.

கடைக்கு வருவதற்குள் குழு பற்றி எரிந்துகொண்டிருந்தது. ‘பயந்து ஓடிட்டான்!’ ‘விருத்தம் கேக்காமப் போனவனுக்கு விமர்சனம் ஒரு கேடா?’ ‘சம்பளம் வாங்கிக்கிட்டுப் பாதியில கிளம்பறான், இவனையெல்லாம் வச்சிருக்காங்க.’ பத்திரிகைக்கு எல்லாரும் எழுத வேண்டும், இந்த ஆளை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று ஒருவர். எழுதிவிட்டேன் என்று பத்துப் பேர்.

அப்போது லாரன்ஸ் கேட்டான். “அக்கா, நீங்க அந்தாளுக்கு ரெண்டு சீட் தள்ளித்தானே இருந்தீங்க? நெஜமாவே எந்திரிச்சுப் போனானா? நான் கடைசியில பாத்த மாதிரி ஞாபகம்.”

எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இருந்தார் என்று எழுதினால், பிறகு ஏன் ‘கிளம்பினேன்’ என்று எழுதினார் என்று கேட்பார்கள். கேட்டால் தோண்டுவார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா, நான்தானே பழக்கினேன். ‘அவன் என்று சொல்லாதே லாரன்ஸ், அவர்’ என்று தட்டினேன். அழித்தேன். இவர் கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன்.

“ஆமாம். விருத்தம் தொடங்கும் முன்பே எழுந்து போய்விட்டார். நான் என் கண்ணால் பார்த்தேன்” என்று அனுப்பினேன்.

சிரிப்புப் படங்கள் வந்து விழுந்தன. செவிடன் என்றார்கள், கோழை என்றார்கள், இன்னும் எழுதக் கூசுகிறதெல்லாம் சொன்னார்கள். “தளபதி அக்கா சாட்சி சொல்லிட்டாங்க, இனி அந்தாளு தலைகாட்ட முடியாது” என்று லாரன்ஸ் எழுதினான்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டேன்.